பெசிமிஸ்டிக் பூட்டு

பெங்களூர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. தொண்ணூறுகளின் கடைசி. கீழே இரும்பு கடையத் தொடங்கினால் மேலே என் மேசையில் டீ கிளாஸ் தானாக நகரும். திருப்பத்தூரிலிருந்து வந்து அங்கே புரோகிராமராகச் சேர்ந்த எனக்கு முதன்முதலில் தனியாகக் கொடுத்த வேலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த ஒரு கல்யாணத் தகவல் நிலையத்துக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது.

அக்கா தங்கை இருவர் அதை நடத்தினார்கள். அந்தப் பகுதியிலேயே தலைமுறைகளாக இருக்கும் கிறிஸ்தவக் குடும்பம். இருவரும் ரிட்டயர்டு டீச்சர்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. சர்ச் பாடகர் குழுவில் ஏதோ மனஸ்தாபமாம். ஒரே ஹாலில் ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வரன்கள் மட்டும் பொது.

ஒரே பையனின் விவரத்தை இருவரும் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும்? டேட்டாபேஸோடு பேசுவதற்கு யாரோ முன்பே எழுதிவைத்திருந்த லைப்ரரி ஒன்றை நாங்கள் பயன்படுத்தினோம். இந்தச் சிக்கலுக்கென்றே அதில் சில மாறிலிகள் இருந்தன. உள்ளே எல்லாம் வெறும் எண்கள்தான். நினைவில் நிற்பதற்காகப் பெயர் வைத்திருந்தார்கள். 2 என்ற எண்ணுக்குப் பெயர் பெசிமிஸ்டிக் லாக். ஒருவர் கைவைத்ததுமே பூட்டிவிடும், அவர் முடிக்கும்வரை அடுத்தவர் தொட முடியாது. 3 என்றால் ஆப்டிமிஸ்டிக் லாக். தகராறு வராது என்று நம்பித் திறந்தே விட்டுவிடும், சேமிக்கும்போதுதான் சரிபார்க்கும். அந்த ஹாலைப் பார்த்தபின் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெசிமிஸ்டிக் போட்டேன்.

அக்கா அதன் அருமையைச் சீக்கிரமே புரிந்துகொண்டார். நல்ல வேலையில் இருக்கும் பையன் யாராவது வந்தால் அவன் விவரத்தைத் திருத்துவதற்காகத் திறந்து, அப்படியே விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். தங்கை எனக்குப் போன் செய்து அழாத குறையாக முறையிட்டார்.

நான் போய் அக்காவின் கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் போல அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று வரிவரியாகப் படித்தார்.

“தம்பி, பெசிமிஸ்டிக்னு போட்டிருக்கியே, அது என்ன?”

பூட்டின் பெயர் என்று சொல்லி விளக்கினேன்.

“விசுவாசத்துல நடக்கற வீடு இது. இதுக்குள்ள அவநம்பிக்கையை வச்சுட்டுப் போறியா? எடுத்துடு.”

மற்ற மூலையிலிருந்து தங்கை, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “அவங்க சொல்றது சரின்னு சொல்லுங்க தம்பி” என்றார்.

இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்றுதான். மறுக்க மனம் வரவில்லை. ஆப்டிமிஸ்டிக் என்று மாற்றினேன். ‘இதை வேறொருவர் ஏற்கெனவே மாற்றியிருக்கிறார், அதன் மேலேயே சேமிக்கட்டுமா?’ என்று கேட்கும் ஒரு பெட்டியையும் வைத்தேன்.

அடுத்து ஒரு பேங்க் ஆபீசர் பையன் வந்தான். அக்கா அவனை உள்ளூர்க் குடும்பம் ஒன்றுக்கு என்று சனிக்கிழமை சாயங்காலத்துக்குக் குறித்தார். தங்கையும் அதே நேரத்துக்கு அவனை ஆனேக்கல் குடும்பம் ஒன்றுக்கு என்று குறித்தார். பையனின் அம்மாவுக்கு இருவரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். இரண்டாவது போன் ஞாபகப்படுத்துவதற்காக வந்தது என்று அந்த அம்மா நினைத்துவிட்டார்.

பிரிண்டர் ரிப்பேருக்காக அன்று நானும் அங்கே இருந்தேன். ஹாலில் இரண்டு பெண்கள், இரண்டு குடும்பங்கள், நடுவில் கையில் சமோசாவோடு ஒரே ஒரு பையன். இதில் நம்ம பெண் யார் என்று அவன் அம்மா கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். தங்கையும் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

அப்போதுதான் அக்கா தங்கையின் பக்கம் திரும்பினார். “நான் போட்டது மேல நீ எப்படி சேவ் பண்ணினே?”

“பெட்டி கேட்டுது. ஆமான்னேன்.”

“படிச்சியா?”

“மரியாதையா கேக்கறப்போ வேற என்ன சொல்றது?”

சண்டை தமிழில் தொடங்கி, கன்னடத்துக்குப் போய், இங்கிலீஷில் பாடகர் குழுவை எட்டியது. வந்தவர்களை இருவரும் மறந்தே போனார்கள். பெண்கள் இருவரும் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு குடும்பங்களும் சேர்ந்தே கிளம்பிவிட்டன. பையன் என்னருகே வந்து, சாஃப்ட்வேரில் என்ன சம்பளம் தருகிறார்கள் என்று விசாரித்தான்.

மறுபடி பெசிமிஸ்டிக் பூட்டைப் போட்டாக வேண்டும், ஆனால் அந்த வார்த்தை அக்கா கண்ணில் படக்கூடாது. அதனால் பெயரை விட்டுவிட்டு வெறும் 2 என்று எழுதினேன். என் புரோகிராம்களைச் சரிபார்க்கும் டீம் லீடர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பெயர் இருக்கும்போது எண் எதற்கு என்று பிடித்துக்கொண்டார். கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “ஹோகலி பிடு, போகட்டும், ரெண்டே இருக்கட்டும்” என்றார்.

அந்தப் பூட்டுக்குப் பெரிதாக வேலை வரவில்லை. எந்தப் பையனைத் திறந்தாலும், நான் எடுத்திருக்கிறேன் என்று அக்கா இங்கிருந்து குரல் கொடுப்பார். ஏன் எடுத்தாய் என்று தங்கை அங்கிருந்து கேட்பார். போன மாதம் வரை மௌனமாக இருந்த ஹாலில் இப்போது இவர்கள் சத்தத்தில் போன் மணிகூடக் கேட்காது.

பேங்க் பையனுக்கு வேறொரு நிலையத்தின் மூலம் பெண் அமைந்தது. கல்யாணத்துக்கு சகோதரிகள் ஒரே ஆட்டோவில் போய்வந்தார்கள். அடுத்த முறை நான் போனபோது, பிரியாணியில் உப்பே இல்லை என்று அக்காவும், உப்பைத் தவிர வேறெதுவுமே இல்லை என்று தங்கையும் ஒரே நேரத்தில் என்னிடம் சொன்னார்கள்.