எட்டு நாளில் பாதியாகும் மருந்து

அயோடின் இல்லாத உப்பு வாங்கவே மூன்று நாள் அலைந்தேன். மனைவிக்குத் தைராய்டு புற்றுநோய். அறுவை முடிந்துவிட்டது. மிச்சசொச்சத்தைக் கொல்ல, அணு உலையில் தயாராகும் அயோடின் மருந்தை ஒருமுறை குடிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு மாதம் தைராய்டு மாத்திரை கிடையாது. மீன், பால், அயோடின் உப்பு எதுவும் கூடாது; உடம்பு அயோடினுக்குப் பசித்துக் கிடந்தால்தான் மருந்தை இழுத்துக்கொள்ளும். மயிலாப்பூர் மளிகைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், ஊரே அயோடின் உப்பு கேட்டு வாங்கிகினு கீது, நீ வாணாங்கிற?"

கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு கிடைத்தது.

மாத்திரை இல்லாமல் அவள் முகம் ஊதியது. அக்னி நட்சத்திர வெயிலில் போர்வை கேட்டாள். குரல் ஆண்பிள்ளைக் குரலாகக் கரகரத்தது. அதைச் சொல்லிச் சிரித்தோம், முதல் வாரம் மட்டும்.

குறித்த நாளில் பையோடு கிளம்பும்போது மருத்துவமனையிலிருந்து போன். "சார், மும்பைலேர்ந்து மருந்து வரலை. அடுத்த வாரம் பாக்கலாம்."

முன்னாடியே வாங்கி வைத்தால் என்ன கேடு என்று கத்த வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான் இயற்பியல் வாத்தியார். அந்த அயோடினின் வீரியம் எட்டு நாளில் பாதியாகிவிடும், இருப்பு வைக்க முடியாது என்று வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன். பாலைவனத்தில் நாம் அணுகுண்டு வெடித்த மறுநாள், தி.நகர் டியூட்டோரியலில் வகுப்பு முழுக்க ஜாங்கிரி கொடுத்த மகானுபாவனும் நான்தான்.

அடுத்த வாரமும் வரவில்லை. அன்று மாலை டி.வி.யில் ஓர் ஏவுகணை வெற்றிகரமாக மேலே போனது. ரிமோட்டை வீசி எறிந்தேன்.

"அது என்ன பண்ணுச்சு?" என்றாள். "என்னால முடியலைங்க. மாத்திரையைக் குடுத்துடுங்க. வர்றது வரட்டும்."

மாத்திரை போட்டால் மறுபடி முதலிலிருந்து ஒரு மாதம். அதற்குள் நோய் முற்றி அவள் செத்துப்போய்விடுவாள் என்று பயந்தேன். வீங்கியிருந்த காலைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வாரம் என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் மருந்து வந்துவிட்டது.

கதிர்வீச்சைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். ஈயக் குடுவையிலிருந்து உறிஞ்சுகுழலால் குடித்தாள். குழலை எடுக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விழுந்தது. கோயிலில் தீர்த்தம் வாங்கினால் ஈரக் கையைத் தலையில் தடவிக்கொள்கிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. தடவிக்கொண்டாள்.

"அய்யோ, தொடாதீங்கம்மா!" என்று நர்ஸ் அலறினாள். கதிர்வீச்சு அளக்கும் கருவியைத் தலைமேல் காட்டியதும் அது விடாமல் கத்தியது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். உச்சந்தலையில் ஒரு கைப்பிடி முடியை வெட்டிப் பெட்டியில் போட்டார்கள்.

அவள் முடியைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்தாள். ஒலிபெருக்கியில் அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

"சிந்தினது போக மிச்சம் போதுமாங்க? கேட்டுச் சொல்லுங்க."