வெள்ளியாக இருந்தால் சும்மா கொடுப்பார்களா?

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் வேதியியல் துறை அட்டெண்டர் குப்பன். "தணிகாசலம் சார் போயிட்டாருங்க மேடம்" என்றார். "யார் சொன்னது? நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது, அது என் கேள்வி இல்லை. பக்கத்து மேசையில் இத்தனை வருடம் உட்கார்ந்து அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. பாவம், குப்பன் அழுதுகொண்டே "பாத்தேங்க" என்றார்.

அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும், தணிகாசலம் சார் சந்தேகப்படாத பொருள் ஆரணியில் கிடையாது. ஒருநாள் கேன்டீன் பால்காரரின் கேனுக்குள் லேபிலிருந்து லாக்டோமீட்டரைக் கொண்டுபோய் விட்டார். மறுநாள் பால்காரர் வரவில்லை. ஒரு வாரம் நாங்கள் எல்லோரும் வறட்டுத் தேநீர் குடித்தோம். "தண்ணி கலந்த பால குடிக்கறதுக்கு இது தேவலாம் மேடம்" என்று ரசித்துக் குடித்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து இடிபட்டு பஸ்ஸில் வருகிறவளுக்குக் காலையில் ஒரு வாய் பால் டீ வேண்டாமா?

அப்படிப்பட்டவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது சைக்ளோபுரொப்பேன்களை. மூன்றே மூன்று கரி அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வளையம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் அதைப் பற்றிப் பேச ஆரணியில் அவருக்குக் கிடைத்த ஆள் நான் ஒருத்திதான். "சின்ன வூட்ல மூணு குடித்தனம் மாதிரி மேடம். எப்ப சண்ட வரும், எப்ப பிச்சிகினு போகும்னு பாத்துகினே இருக்கணும்" என்பார். இரட்டைப் பிணைப்பு உள்ள ஒரு பொருளை எடுத்து, மெத்திலீன் அயோடைடையும் பதப்படுத்திய துத்தநாகத் தூளையும் சேர்த்தால், அயோடைடில் உள்ள ஒற்றைக் கரி அணு வந்து இரட்டைப் பிணைப்பின் மேல் உட்கார்ந்து வளையத்தை மூடும். பிறகு அதே வளையத்தை அமிலம் கொண்டோ ஹைட்ரஜன் கொண்டோ உடைத்து வேறு பொருளாக்குவார். கட்டுவதும் உடைப்பதும்தான் அவருடைய ஆராய்ச்சி.

வளையம் உருவானதா, பழைய பொருளே மிஞ்சி நிற்கிறதா என்று பார்க்கும்போது அவரைக் கவனிக்க வேண்டும். "புரோமின சாட்சிக்குக் கூப்டாதீங்க. அது ரெண்டு பேருக்கும் தலையாட்டும். பர்மாங்கனேட்ட கேளுங்க" என்பார். ஊதா நிறம் அப்படியே நின்றால் வளையம். நிறம் போய்விட்டால் பழைய ஆள் உள்ளே ஒளிந்திருக்கிறான். நிறம் நின்றாலும் நம்பமாட்டார், என்னைக் கூப்பிட்டு "உங்க கண்ணுக்கும் ஊதாவாத்தானே தெரியுது?" என்று கேட்பார்.

துத்தநாகத்தைப் பதப்படுத்தக் கொஞ்சம் தாமிரம் வேண்டும். எங்கள் ஸ்டோரில் தாமிர உப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் புட்டியில் ஒட்டியிருக்கும் லேபிளை அவர் நம்பினால்தானே! தன் தாமிரத்தைத் தானே எடுத்தார், ஜரிகையிலிருந்து. அவருடைய அண்ணன் கோதண்டம் பட்டுப்புடவை நெய்கிறவர், பக்கத்து வீடு. தறியில் மிஞ்சும் ஜரிகைத் துண்டுகளை அண்ணி ஒரு பொட்டலமாகக் கட்டிச் சுவருக்கு மேலே நீட்டுவார். சார் அதை எரித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கிடைத்த உப்பை அசிட்டேட்டாக மாற்றி, துத்தநாகத்தோடு சேர்ப்பார். "அசல் வெள்ளி ஜரிகையாச்சே சார், அதுல போய் தாமிரம் தேடறீங்களே" என்று ஒருமுறை கேட்டேன். சிரித்தார். "வெள்ளியா இருந்தா சும்மா குடுப்பாங்களா மேடம்? கரைச்சா நீலமா வருது, பாருங்க. அத்தனையும் தாமிரம். எங்க அண்ணன் வெள்ளின்னு விக்கிறான், நான் தாமிரம்னு எடுக்கறேன்." அதில் அவருக்கு ஒரு குரூர சந்தோஷம் இருந்தது, இப்போதும் சொல்வேன்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று வருடங்கள் ஆகியிருந்தன. சாருடைய கல்யாணப் புடவையைக் கோதண்டம்தான் தன் கையால் நெய்து கொடுத்தார். சில வருடத்தில் அதன் ஜரிகை கறுத்தது. "கூடப் பொறந்தவன் பொண்டாட்டி பொடவையிலயே டூப்ளிகேட் ஜரிகை" என்று இவர் தெருவில் நின்று சொல்லிவிட்டார். வெள்ளியும் கறுக்கும் என்று வேதியியல்காரருக்குத் தெரியாதா? தெரியும். சொன்னது வேதியியல்காரர் இல்லை, தம்பி. ஆனால் கேட்டவர்கள் 'காலேஜ் வாத்தியாரே சொல்கிறார்' என்று எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் கோதண்டத்துக்கு ஆர்டர் கொடுப்பதைக் குறைத்தார்கள். அவர் சொந்தமாக நெய்வதை விட்டு அடுத்தவர்களுக்குக் கூலிக்கு நெய்யும் நிலைக்கு வந்தார்.

இந்த நிலையில்தான் மெட்ராஸிலிருந்து சாருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். முகம் சரியில்லை. "தணிகாசலம், உங்க வளையம் இங்க மட்டும்தான் வருது. எங்க பசங்க நீங்க எழுதின மாதிரியே செஞ்சு பார்த்தாச்சு, பாதிகூட வரலை. இந்த லட்சணத்துல தீசிஸை எப்படி அனுப்புறது?" என்றார். பொய்க்கணக்கு என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதர் சந்தேகக் கூண்டில் நின்றார். வேறு யாராவது என்றால் நன்றாக வேண்டும் என்று நினைத்திருப்பேன். இவரை அப்படி நினைக்க முடியவில்லை. அதே சமயம், இவர் உண்மையிலேயே எண்களைத் திருத்தியிருப்பாரோ என்றும் ஓரமாக ஒரு எண்ணம் ஓடியது.

தன் கண்ணெதிரிலேயே எல்லாவற்றையும் செய்து காட்டச் சொன்னார் பேராசிரியர். ஜரிகை கரைந்து நீலமானது. "இது தாமிரம்னு எப்படித் தெரியும்?"

"நீலமா இருக்குதுங்களே சார்."

"நீலம், தாமிரம் இருக்குன்னு சொல்லும். வேற எதுவும் இல்லைன்னு சொல்லுமா?" என்றவர் என்னிடம் திரும்பி, "கொஞ்சம் டைல்யூட் ஹைட்ரோகுளோரிக் ஊத்துங்கம்மா" என்றார்.

ஊற்றினேன். சோதனைக்குழாயில் தயிர் தயிராக வெள்ளை இறங்கியது. வெள்ளி. அசல் ஜரிகையிலும் வெள்ளியோடு கொஞ்சம் தாமிரம் இருக்கும், நீலம் அதனுடையது. முதலாண்டு மாணவன் முதல் மாதத்தில் செய்கிற சோதனை. பாலைச் சோதித்தவர், புட்டியைச் சோதித்தவர், தன் அண்ணன் மேல் இருந்த சந்தேகத்தை மட்டும் சோதிக்காமலே நம்பியிருந்தார். சார் என் கையிலிருந்து குழாயைப் பிடுங்கி அமோனியா விட்டார், கரைந்தது. அமிலம் விட்டார், வெள்ளை திரும்ப வந்தது. "தாமிரத்தவிட வெள்ளி சேர்த்தா இந்த வினை நல்லா நடக்கும்னு வெளிநாட்டுல பார்த்திருக்காங்க. அதான் உங்களுக்கு மட்டும் வருது" என்று பேராசிரியர் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சார் அதைக் கேட்கவே இல்லை. "மேடம், சாட்சிக்கு வாங்க. நான் சொன்னா எங்க அண்ணன் நம்பமாட்டான்" என்று குழாயோடு நடந்தார்.

கோதண்டம் தறியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. "இன்னாடா இது, தயிரா?"

"வெள்ளிண்ணா. உன் ஜரிகைல எடுத்தது."

"யாரு சொன்னது?"

"டெஸ்டு பண்ணிப் பாத்தோம்."

"கூடப் பொறந்தவன் சொன்னா நம்பமாட்ட. ஆசிட்டு சொன்னா நம்புவ." கோதண்டம் இழைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "'என்னமோ தம்பி படிக்கறதுக்கு வோணும்னு உன்கிட்ட கேட்டான், குடு'ன்னு உங்க அண்ணிகிட்ட சொன்னதே நான்தான். வெள்ளின்னு தெரிஞ்சிதான் குடுத்தேன்."

சார் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நான் எழுதமாட்டேன், அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் அதே சோதனைக்குழாயோடு ஒவ்வொரு பட்டுக்கடையாக ஏறி, "எங்க அண்ணன் நெய்யறது அசல். நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். சில கடைக்காரர்கள் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஆர்டர்கள் மெல்லத்தான் திரும்பின. தீசிஸில் தாமிரம் என்று இருந்த இடமெல்லாம் வெள்ளி ஆயிற்று, பட்டமும் வந்தது. பால்காரர் விஷயத்தில் மட்டும் அவர் கடைசிவரை இறங்கிவரவில்லை.

அன்று குப்பனோடு நான் போனபோது சாரை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். மேலே ஒரு புதுப் பட்டு அங்கவஸ்திரம், கோதண்டம் நெய்தது. எடுப்பதற்கு முன்னால் கோதண்டம் குனிந்து, அதன் ஓரத்தில் ஒரு விரல்நீள ஜரிகையைக் கத்தரித்து என் கையில் வைத்தார். "டெஸ்டு பண்ணிக்குங்க மேடம். இல்லன்னா அவன் மனசு ஆறாது."

அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆசிட் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நான் அதைத் தொடப்போவதில்லை சார், அது வெள்ளிதான்.