பெரியவரைத் துரத்திய மோட்டார் கடைக்காரர்

என் அக்காவின் கணவருக்கு இந்த உலகத்தில் இரண்டே பேரிடம்தான் மரியாதை. ஒருவர், அவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன ஒரு டிரம்மர். இன்னொருவர் யார் என்று முப்பத்தொரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அத்தானுக்கு மோட்டார் காயில் கட்டும் தொழில். கடை இரண்டே அறை. முன்னறையில் கருகிப்போன மோட்டார்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களைப் போலச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும். உள்ளறையில் செம்புக் கம்பிச் சுருள்கள், ஒரு சின்ன லேத், வார்னிஷ் காயவைக்கும் இரும்புப் பெட்டி. அந்த வார்னிஷ் வாசனை அவர் சட்டையில் ஏறி, வீட்டுக்கு வந்து, தலையணை வரைக்கும் போய்விட்டது என்று அக்கா புலம்புவாள்.

எந்த மோட்டார் வந்தாலும் முதலில் அதன் மேலிருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் துடைப்பார். பிறகு வோல்ட் இவ்வளவு, ஆம்பியர் இவ்வளவு, ஹெர்ட்ஸ் இவ்வளவு என்று உரக்கப் படிப்பார். அதற்கப்புறம்தான் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார். ஒரு பேக்கரிக்காரர் மாவு பிசையும் மெஷினைத் தவறான வோல்ட்டில் மாட்டிப் புகைய விட்டுக் கொண்டுவந்தபோது, கடையில் பத்துப் பேர் இருக்க, "படிக்கத்தானேய்யா தகட்டுல எழுதி வெச்சிருக்கான்? உங்க ரொட்டி மேல எழுதினதை நான் படிக்காம வாங்கறேனா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனிதர் அதற்கப்புறம் வேறு கடைக்குப் போய்விட்டார். அத்தானுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

டிரம்மர் அவர் வாழ்க்கைக்குள் வந்தது என்னால்தான். அப்போது நான் கப்பலில் ஸ்டோர் கீப்பர். அக்கா கல்யாணத்துக்கு ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கி வந்தேன். விற்றவர் கொசுறாக ஒரு இசைத்தட்டும் கொடுத்தார். நடனக் கூடங்களுக்காகப் பதினைந்து பேர் சேர்ந்து ஊதித் தள்ளும் பழைய ஸ்விங் இசை. உறையில் கோட்டு சூட்டு போட்ட ஒருவர், டிரம்களுக்கு நடுவே, இரண்டு குச்சிகளையும் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தட்டைக் கேட்டதுகூட இல்லை. பேக்கிங் அட்டைக்குப் பதிலாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்தேன்.

கல்யாணமாகி இரண்டாவது வாரம் அத்தான் அதைப் போட்டுக் கேட்டார். அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போனது என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள். பாட்டின் கடைசியில் பேண்ட் முழுவதும் வாயை மூடிக்கொள்ளும். டிரம்மர் மட்டும் ஒரு நிமிடத்துக்கு மேல் தனியாக வாசிப்பார். அதைக் கேட்ட அத்தான், "இது ஒரு ஆளா?" என்று கேட்டாராம். அதற்கப்புறம் அந்த மனிதருக்கு எங்கள் வீட்டில் பெயரே கிடையாது. பெரியவர், அவ்வளவுதான்.

மூடப்பட்ட ஒரு நடன கிளப்பிலிருந்து பழைய டிரம் செட் ஒன்று வந்தது. சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாத்திவைத்து, தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை பெரியவரோடு சேர்ந்து வாசிப்பார். சேர்ந்து என்று சொல்வது தப்பு. பின்னால் ஓடுவார். அக்கா அந்த ஒரு மணி நேரம் தையல் மெஷினைத் தொடமாட்டாள். அவர் வேகத்துக்குத் தன் கால் தானாக மிதித்து, தையல் கோணிப்போகிறது என்று காரணம் சொன்னாள். "எனக்குச் சக்களத்தி வந்திருக்கா, அதுவும் ஆம்பளையா!" என்று என்னிடம் சிரித்தாள். அவள் சிரிப்பில் கொஞ்சம் நிஜமும் இருந்தது.

அந்தக் கடைசிப் பகுதியைப் பிடிக்க அவருக்குப் பதினோரு வருடம் ஆனது. பிடித்த அன்று துள்ளிக் குதிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "இன்னைக்குப் பிடிச்சிட்டேன்" என்றார். மறுநாள் மறுபடி விட்டுவிட்டார். மணிக்கட்டில் வீக்கம், முழங்கையில் வலி, டாக்டர் வேண்டாமென்றார், கேட்கவில்லை. கடைசிப் பத்து வருடங்களில்தான் தவறாமல் பிடித்தார். அப்போதும், "அவர் கால்தூசிக்கு வரமாட்டேன்" என்றுதான் சொல்வார். ஒருமுறை ரேடியோவில் அதே பாட்டு வந்தது. பத்து நொடி கேட்டுவிட்டு, "வயசான காலத்துல வாசிச்சது போல. பாவம், கை தளர்ந்துடுச்சு" என்று அணைத்துவிட்டார். தெய்வத்தின் பலவீனத்தைப் பார்க்கக்கூடாது என்ற மரியாதை.

மனிதர்களோடு சேர்ந்து அவர் வாசித்ததே இல்லை. அந்த ஆசை உள்ளுக்குள் இருந்திருக்கிறது என்பது, பேண்ட்காரர்கள் தேடி வந்த பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் பஸ் டிப்போவில் கூடி வாசிக்கும் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு பேண்ட் உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். பகலில் பல்லைப் பிடுங்கிவிட்டு, விடுமுறை நாளில் டிரம்பெட் ஊதுவார். பெரியவரின் பிறந்தநாளுக்கு ஒரு கச்சேரி ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர்களுடைய டிரம்மர் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். யாரோ சொல்லி அத்தானைத் தேடி வந்தார்கள். அத்தான் கேட்டது ஒரே கேள்வி: "அந்தப் பாட்டு உண்டா?" உண்டு என்றார்கள், அதுதான் கடைசிப் பாட்டு. அன்றைக்கு அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. புதுச் சட்டைத் துணி எடுத்தார். "ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி வாசிச்சுட்டா போதும்" என்று அக்காவிடம் சொன்னாராம். தனக்காக அந்த மனிதர் எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதல் ஒத்திகை டிப்போவின் சாப்பாட்டுக் கூடத்தில். ஆரம்பித்த அரை நிமிடத்தில் டாக்டர் டிரம்பெட்டை இறக்கிவிட்டார்.

"கொஞ்சம் அவசரப்படறீங்க சார்."

"நானா? நீங்கதான் இழுக்கறீங்க. பெரியவர் வாசிச்ச வேகம் இதுதான்."

"இல்லையே, எங்ககிட்டயும் ரெக்கார்ட் இருக்கே."

"அது வயசான காலத்து ரெக்கார்டா இருக்கும்."

பேச்சு முற்றியது. அத்தான் குச்சிகளைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த ஒத்திகைக்கு என்னைக் கூப்பிட்டார். நான் கப்பல் வேலையை விட்டுக் கரையேறிப் பல வருடம் ஆகியிருந்தது. "மாப்ளே, நம்ம பிளேயரையும் தட்டையும் தூக்கிட்டு வா. காதுல விழட்டும் இவங்களுக்கு" என்றார். தூக்கிக்கொண்டு போனேன்.

தட்டு சுழன்றது. பேண்ட்காரர்கள் எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அத்தான் மார்பில் கை கட்டி, வழக்கு ஜெயித்த வக்கீல் மாதிரி நின்றார். அப்போது சாக்ஸபோன் வாசிக்கும் ஒரு அம்மா தன் வாத்தியத்தை எடுத்து இரண்டு ஸ்வரம் ஊதிப் பார்த்தார். நூலகத்தில் வேலை பார்ப்பவர், அதிர்ந்தே பேசமாட்டார்.

"ஒன்றரைக் கட்டை மேல இருக்கு சார். இந்தப் பாட்டு இந்த ஸ்ருதியே இல்லை. உங்க மெஷின் வேகமா ஓடுது."

"என் மெஷினா?" அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் மக்கர் பண்ணினது இல்லைம்மா."

அதுதான் விஷயம். மோட்டார் கெட்டால்தான் அவர் கைக்கு வரும். இது கெடவே இல்லை. அவர் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துவைத்து, பிளேயரைக் கவிழ்த்தார். கட்டைவிரல் தானாகவே அடியிலிருந்த தகட்டைத் துடைத்தது. வாய் தானாகவே படித்தது. வோல்ட் படித்தார், சரியாக இருந்தது. வாட் படித்தார். "ஹெர்ட்ஸ் ஐம்பது" என்று படித்துவிட்டு நிறுத்தினார்.

எங்கள் தாத்தாக்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் மின்சாரம் அறுபது ஹெர்ட்ஸ். ஐம்பதுக்குச் செய்த மோட்டார் அறுபதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும். இதை அவர் எனக்கே பலமுறை விளக்கியிருக்கிறார். இப்போது விளக்க யாரும் தேவைப்படவில்லை. கூடத்தில் அனைவரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

முதலில் கை தட்டியது டாக்டர்தான். "அப்போ நீங்க அவரைவிட வேகமா வாசிக்கிறீங்க சார்! அவரையே மிஞ்சிட்டீங்க!" எல்லோரும் தட்டினார்கள். சாக்ஸபோன் அம்மாகூட எழுந்து நின்றார். அத்தான் ஒயரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பிளேயரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.  அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. வாங்கி வந்த குற்றவாளி நான்தானே. எனக்கும் கோபம் வந்தது. தகடு படிப்பது அவர் தொழிலா, என் தொழிலா?

பிறகு நடந்ததெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். ஒன்பது நாள் சாமான் அறைக் கதவைத் திறக்கவில்லை. பத்தாம் நாள் பிளேயரின் மோட்டார் தண்டிலிருந்த பித்தளைக் கப்பியைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், கூடுதல் வேகம் சரியாக இறங்கும்படி லேத்தில் ஆறில் ஒரு பங்கு கடைந்து மெலிதாக்கி, திரும்ப மாட்டினார். தட்டைப் போட்டார். மூன்று தடவை கேட்டார்.

"‘இவர் அவசரமே படலை’ன்னார்டா" என்றாள் அக்கா. "அப்புறம், ‘அப்போ நான் துரத்தின ஆள் யாரு?’ன்னு கேட்டார்."

"நீங்கதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அழுதுட்டார்."

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துவைத்தாள்.

"அப்படி ஒருத்தர் இருந்தார்னு நம்பித்தானே வாசிச்சேன், இல்லைன்னு தெரிஞ்சிருந்தா ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டேனேன்னார். தான் ஜெயிச்சதுல அவருக்குச் சந்தோஷமே இல்லை. வீட்டுல ஒரு பெரிய மனுஷன் போன மாதிரி இருக்கார்."

டாக்டர் கடைக்கு நேரில் வந்தார். அத்தான் வேகத்துக்குப் பேண்ட் தயாராகிவிடும் என்றார். போஸ்டரில் ‘பெரியவரை மிஞ்சிய வேகம்’ என்று போட்டால் கூட்டம் அள்ளும் என்றார். அத்தான் கம்பி சுற்றுவதை நிறுத்தாமலே, "அந்த வரியைப் போட்டா நான் வரமாட்டேன்" என்றார்.

"சரி சார், அவர் வேகத்துலயே வாசிங்க."

"அதுதான் கையில வரலை" என்றார் அத்தான்.

உண்மைதான். முப்பத்தொரு வருடம் ஓடிப் பழகிய கைக்கு நடக்கத் தெரியவில்லை. கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தது. காலையில் கடைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், திருத்திய பிளேயரோடு உட்கார்ந்தார். பேண்டோடு வாசிக்கும் பகுதி அடங்கிவிட்டது. தனியாக வாசிக்கும் இடம் வந்தால் கை பிய்த்துக்கொண்டு ஓடியது. போவதா, வேண்டாமா என்று கச்சேரி நாள் காலை வரை முடிவு சொல்லவில்லை. மத்தியானம் அக்காவிடம் சட்டையை இஸ்திரி போடச் சொன்னார்.

டிப்போ கூடத்தில் இருநூறு மடக்கு நாற்காலி. நிறைந்தது நூற்றிருபது இருக்கும். நானும் அக்காவும் மூன்றாவது வரிசை. கடைசிப் பாட்டு வந்தது. அத்தான் தோள்களை இறுக்கிக்கொண்டு, பேண்டோடு ஒட்டி வாசித்தார். பிறகு அனைவரும் வாத்தியங்களை இறக்கினார்கள். இனி அவர் மட்டும். எந்த வேகத்தில் போனாலும் தடுக்க ஆளில்லை. டாக்டரே திரும்பி, போங்க என்று தலையை ஆட்டினார். அத்தான் போகவில்லை. இரண்டு தடவை வலது கை ஓடப் பார்த்ததை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டு தடவையும் இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தார். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். "கையைக் கட்டிப்போட்டுக்கிட்டு வாசிக்கிறார்டா" என்றாள்.  இந்த மனிதர் நினைத்தால் இந்தக் கூடத்தையே எழுந்து நிற்க வைக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

முடித்தார். நன்றாகத்தான் கை தட்டினார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

கூட்டம் கலையும்போது, எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நல்லாத்தான் வாசிச்சார். ஆனா ஒரிஜினல் அளவுக்கு வேகம் இல்லை. நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். அது வேற மாதிரி, மின்னல்."

 "ஐயா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்று திரும்பினேன்.

என் தோளில் ஒரு கை விழுந்தது. அத்தான் மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அந்த முதியவரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"பின்னே? அவரை யாரால பிடிக்க முடியும்?" என்றார்.

பிறகு, ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக, என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா மாப்ளே?"

"கேட்டேன் அத்தான்" என்றேன்.