டைபாய்டு என்று சொல்லி வைத்தேன்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று வானொலியில் தமிழ்நாட்டுக்குப் புத்தி சொன்ன குரல் என்னுடையது. டெல்லி ஸ்டூடியோ ஒன்றில் அதைப் பேசியபோது எனக்கு இரண்டு மாதமாக இருமல்.

டெல்லிக் குளிரில் இருமாதவனைத்தான் சந்தேகப்பட வேண்டும். பொல்யூஷன் என்றேன், எல்லோரும் தலையாட்டினார்கள். டெல்லி துவாரகாவில் இருக்கும் என் வீட்டில் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து இருமினேன்.

வாய்ஸ் ஓவர் பூத் என்பது ஜன்னல் இல்லாத அலமாரி. ஏசி சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் அணைத்துவிடுவார்கள். அதற்குள் முழங்கை இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்து பெண் குரல் பேசியவர் ஸ்டெல்லா, பாளையங்கோட்டைக்காரர். நான் இருமினால் கட். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்துவார். அடுத்த டேக்.

டிபி என்று ரிசல்ட் வந்ததும் மாத்திரை வாங்குவதற்கு முன்பே நோய்க்குப் பெயர் மாற்றினேன். ஸ்டூடியோவுக்கும் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவுக்கும் டைபாய்டு என்று சொல்லி வைத்தேன். அது கௌரவமான வியாதி. அதற்காக யாரும் நம் டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. காசநோய் அவமானமல்ல என்பதும் நான் பேசிய வரிதான். நன்றாகவே பேசியிருந்தேன்.

சில வாரம் கழித்து வீட்டுக்கு வந்த சுகாதார ஊழியர், மூடிய அறையில் யாரோடு அதிக நேரம் இருப்பீர்கள் என்று ஹிந்தியில் கேட்டார். மனைவியோடு மட்டும் என்றேன். அந்த மனைவி அடுப்படியிலிருந்து தமிழில் கேட்டாள்:

"ஏன், ஸ்டெல்லா பூத்துக்கு வெளியில நின்னா பேசினாங்க?"

அன்றே ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, எனக்கு வந்தது டிபி என்று சொன்னேன்.

"டைபாய்டுன்னுல்லா சார் சொன்னிய?"

தயாரித்து வைத்திருந்த மன்னிப்பில் பாதி போயிருப்பேன். நிறுத்தினார்.

"எம்பிள்ளைக்கு ரெண்டு வயசு சார். எங்க கூட்டிட்டுப் போணும், அத மட்டும் சொல்லுங்க."

ஸ்டெல்லா வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குழந்தையோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார். இருவருக்கும் நோய் இல்லை. ஆனாலும் குழந்தை சின்னது என்பதால், மாதக்கணக்கில் தடுப்பு மருந்து. பிள்ளை துப்பும், ஸ்டெல்லா மறுபடி கரைத்துக் கொடுப்பார். நான் உண்மைப் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த மருந்தை முன்பே தொடங்கியிருக்கலாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாயால் பேசுகிற ஸ்கிரிப்டை ஒரு தடவையாவது காதிலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குணமாகித் திரும்பிய அன்று, பூத் வாசலில் நின்று மன்னிப்பின் மறுபாதியை ஆரம்பித்தேன். ஸ்டெல்லா ஹெட்போனை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"எங்க சர்ச்சுல வாராவாரம் உங்க டைபாய்டுக்குத்தான் சார் ஜெபம் பண்ணினோம். அடுத்த தடவ சீக்கோட பேரச் சரியாச் சொல்லுங்க. ஆண்டவரும் எதைன்னு பாப்பாரு?"