சுப்பையா நகர்த்தாமல் வைத்திருந்த சிப்பாய்

காலை ஆறரை மணி, குளத்தூர். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். கோவில்பட்டிக்குப் போய், சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தை ஜெயித்துவிட்டுச் சாயங்காலமே வீடு திரும்புவது என் திட்டம்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிய கை இது. பிறகு அதே கை சொந்தமாக லாரி வாங்கியது. உப்பு ஏற்றக் காத்துக் கிடந்த டிரைவர்களிடம்தான் சதுரங்கம் கற்றேன். அதை வைத்துக்கொண்டு காலேஜ் வாத்தியார்களையெல்லாம் தோற்கடித்து இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தேன். ஜெயிக்கிறவர் மெட்ராஸ் போட்டிக்குப் போகலாம். "மாலையை இப்பவே வாங்கி வைங்கவே" என்று டீக்கடையில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

முதல் நாளே போய்த் தங்கச் சொன்னவர்கள் உண்டு. லாட்ஜில் படுத்து மூட்டைப்பூச்சிக்கு ரத்தம் கொடுக்க எனக்கு என்ன தலையெழுத்து?

எட்டு மணி. விளாத்திகுளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது. டிரைவர் பஸ்ஸைப் பக்கத்து வண்டிப்பாதையில் திருப்பினார். இரவெல்லாம் மழை குடித்த கரிசல். பத்தடி போவதற்குள் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது.

"டிராக்டர் வந்து இழுத்தாத்தான் உண்டு. எறங்கிக்கிடுங்க" என்றார் டிரைவர்.

"எனக்குப் பத்து மணிக்குக் கோவில்பட்டியில ஆட்டம் இருக்குவே."

"என்ன ஆட்டம் அண்ணாச்சி, கரகமா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பதினோரு மணிக்குள் பலகை முன்னால் உட்காராவிட்டால் ஆடாமலே தோற்றதாக அறிவித்துவிடுவார்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பருத்திக் காட்டு வரப்பில் நடந்தேன். கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் மண்ணும் கூடவே எழுந்து வரும். உதறினால் போகாது, குச்சியால் வழித்தால்தான் போகும். வழித்து முடிப்பதற்குள் அடுத்த கால் கனத்துவிடும். மூன்று மைல் நடந்து வேறொரு தார்ச்சாலை ஏறி, தீக்குச்சி மரம் ஏற்றிவந்த லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினேன். லாரிக்காரனுக்கு லாரிக்காரன் இடம் கொடுக்காமல் போவானா?

கோவில்பட்டி, பள்ளிக்கூட ஹால். நான் நுழைந்தபோது பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். முழங்கால் வரை கறுப்பு மண்.

பலகைக்கு அந்தப் பக்கம் சுப்பையா உட்கார்ந்திருந்தார். இடைசெவல்காரர், நூல் மில்லில் பிட்டர். போன இரண்டு வருஷமும் இறுதி ஆட்டத்தில் தோற்றவர். இந்தத் தடவையும் தோற்றால் இனிப் போட்டிக்கென்று லீவு கிடையாது என்று மில்லில் சொல்லிவிட்டார்களாம்.

அவருக்கு வெள்ளைக்காய். முதல் நகர்த்தல் அவருடையது. ஆனால் ஒரு சிப்பாய்கூட நகர்ந்திருக்கவில்லை. ஆளுக்கு இரண்டு மணி நேரம். அதில் அவருடைய கடிகாரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. என்னுடையது அசையவே இல்லை.

நான் உட்கார்ந்ததும் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை நகர்த்திவிட்டு, தன் கடிகாரத்தை நிறுத்தினார். என்னுடையது ஓடத் தொடங்கியது. ஒரு சிப்பாயை நகர்த்த இவ்வளவு நேரமா, ஆள் பயந்து போயிருக்கிறான் என்று நினைத்தேன். மளமளவென்று ஆடினேன். காயால் ஜெயிக்காவிட்டாலும் கடிகாரத்தால் ஜெயித்துவிடலாம்.

பன்னிரண்டரை இருக்கும். சுப்பையா யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வராந்தாவுக்கு வந்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த கடலைமிட்டாய்க் கடைக்காரர் அங்கே நின்றார்.

"அவரு என்னவே, ஒரு சிப்பாய்க்கு ஒரு மணி நேரம் முழிச்சாரு?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவிய எங்க முழிச்சாவ? சிப்பாயை நகட்டியிருந்தா ஒம்ம கடியாரம்லா ஓடியிருக்கும்! நடுவர் ரெண்டு தடவை வந்து கேட்டாரு. 'யோசிக்குதேன் சார்'ன்னுட்டாவ. வாசலையே பாத்துக்கிட்டு என்னத்த யோசனை? ஒமக்காவ தன் நேரத்தைப் போக்கிக்கிட்டு இருந்தாவ."

குடிக்காமலே தம்ளரைக் கவிழ்த்து வைத்தேன்.

திரும்பி வந்தபோது சுப்பையா நகர்த்தி முடித்திருந்தார். இப்போது என் முறை. யானையை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். வைத்துவிட்டால், தன் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் அவர் திணறித் தோற்பார்.

கையைக் கட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து அவர் குனிந்து சொன்னார்: "அண்ணாச்சி, ஒங்க கடியாரம் ஓடுது."

"தெரியும். யோசிக்குதேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "பேசக் கூடாது" என்றார் நடுவர். மழை விட்ட ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் கடிகாரமும்தான் கேட்டன. அவருடைய கடிகாரம் காட்டிய இடத்துக்கு என்னுடையதும் வந்து சேர்ந்த பிறகுதான் யானையைத் தொட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். விட்டுக்கொடுத்தேன் என்று எவனும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் காட்டினேன். அவருக்கு என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. ஓரத்தில் அவர் விட்டுவைத்த ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகிவிட்டது. என் ராஜாவை நானே படுக்க வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு வரை சுப்பையா கூடவே வந்தார்.

"அந்நேரம் நீங்க யானையை வச்சிருந்தா நேரம் பத்தாமலே நான் தோத்திருப்பேன்" என்றார்.

"நீரு காலையிலேயே சிப்பாயை நகட்டியிருந்தா?"

அவர் என் காலில் காய்ந்து வெடித்திருந்த மண்ணைப் பார்த்தார். "மெட்ராஸ் போயிட்டு வந்து சொல்லி விடுதேன் அண்ணாச்சி" என்றார்.

திரும்புகிற வழியில் தரைப்பாலத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. காலையில் வந்த பஸ் இன்னும் சேற்றில் சாய்ந்து நின்றது. எங்கள் உப்பு யாவாரத்தில் எதிராளியின் லாரி இப்படி இறங்கிக் கிடந்தால் ஹாரன் அடித்துத் தாண்டிப் போய் முதல் லோடை இறக்குவோம். அதைச் சாமர்த்தியம் என்போம். நான் அப்படித்தான் முன்னுக்கு வந்தேன். அன்று அந்த பஸ்ஸைத் தாண்டும்போது நான் வந்த பஸ்ஸின் டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய், டிராக்டருக்கு ஆள் போயிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

குளத்தூர், இருட்டுகிற நேரம். டீக்கடையில் மாலையோடு நின்றார்கள்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

காலையில் மாலை வாங்கச் சொன்ன அதே குரலில், தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னேன்: "தோத்துட்டேன்வே! உக்காருங்க, யாருகிட்ட தோத்தேன்னு சொல்லுதேன்."