நான்காம் நிறுத்தத்தில் ஏரியைக் காணவில்லை

"வலப்புறம் திரும்பிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். அதற்கப்பால் கல்வராயன் மலை" என்று காரின் ஸ்பீக்கரிலிருந்து என் குரல் சொன்னது.

காரில் இருந்த மூவரும் வலப்புறம் திரும்பினோம். கரும்பு நின்றது. பத்தடி உயரம், காற்று நுழையவும் இடமில்லாத அடர்த்தி. தண்ணீரும் இல்லை, மலையும் இல்லை.

"இன்னாங்க இது? தண்ணி எங்க?" என்றார் முன் இருக்கையிலிருந்த விஜயா அம்மா.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி போவணுமோ என்னமோ" என்றார் வண்டியை ஓட்டிய அவருடைய கணவர் ஞானசேகரன்.

"இங்கதான் நிறுத்தச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு. நிறுத்தியாச்சு. ஏரிய எங்க கொண்டுபோய் வெச்சா அவ?"

என் குரல் அசராமல் தொடர்ந்தது. "அவசரம் வேண்டாம். இந்தக் காட்சியை நிதானமாகப் பாருங்கள். சற்று நேரம் நான் பேசாமல் இருக்கிறேன்."

அதன் பிறகு நாற்பது நொடி மௌனம் வரும். ஸ்கிரிப்டில் அதை எழுதியவளும் நான்தான். நாற்பது நொடியும் அந்தத் தம்பதியர் நிதானமாகக் கரும்பைப் பார்த்தார்கள். நான் பின் இருக்கையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடியிருந்தேன்.

நான் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் அன்றைய விதி.

1. பேசாத வேலை

எம்.ஏ. தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டே பகுதிநேர வேலை தேடும் இளைய மாணவியர் சிலர், இந்த வேலையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்திற்கு அருகே ஒரு மாடியில் இயங்கும் சிறிய சுற்றுலா அலுவலகம் அது. சொந்தக் காரில் வருபவர்கள், கைடு இல்லாமல், தாங்களே ஓட்டிச் சென்று நீர்நிலைகளைப் பார்க்கும் உலா ஒன்றை அவர்கள் திட்டமிட்டிருந்தார்கள். நகரின் எல்லையில் தொடங்கி, வழியிலுள்ள ஏரிகளைத் தொட்டு, கச்சிராயபாளையம் கடந்து கோமுகி அணையில் முடியும் பாதை. மொத்தம் ஏழு நிறுத்தங்கள். கார் ஒவ்வொரு நிறுத்தத்தையும் நெருங்கும்போது கைப்பேசி ஆப் ஜிபிஎஸ் மூலம் அதை உணர்ந்து, அந்த இடத்துக்கான ஆடியோ டிராக்கைத் தானாக ஓட்டும். ஸ்கிரிப்ட் எழுதி, அதைப் பேசியும் தருவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

சங்கராபுரத்திலிருந்து தினமும் கல்லூரிக்குப் பேருந்தில் வந்துபோகும் நான், பக்கத்து இருக்கைக்காரரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்லவே தயங்குபவள். அடைத்த அறைக்குள் மைக் முன்னால் தனியாகப் பேச வேண்டும், எதிரில் மனிதர் எவரும் இருக்கமாட்டார் என்று கேள்விப்பட்டதும் அன்றே விண்ணப்பித்துவிட்டேன்.

மாசி மாதத்தில் ஏழு இடங்களையும் நேரில் பார்த்து, அளந்து, குறிப்பெடுத்து எழுதினேன். ஆப் தயாராவதற்கு மார்கழி பிறந்துவிட்டது. அந்த வார ஞாயிறு தொடக்கம். பதினொரு கார்கள் பதிவாகியிருந்தன. அதற்கு முன் செவ்வாய்க்கிழமை ஒரு பைலட் ரன், அதாவது சோதனை ஓட்டம்.

மேலாளர் தனசேகர் சார் என்னை அழைத்தார். "திருக்கோவிலூர்லருந்து ஒரு ஹெட்மாஸ்டர், அவரு சம்சாரத்தோட வராரு. நீ பின்னாடி குந்திக்கினு போ. எங்க தடுமாறுறாங்க, எங்க சிரிக்கிறாங்க, எல்லாத்தையும் நோட்டுல எழுது. வாய மட்டும் தொறக்காத. நீ ஒரு வார்த்தை சொன்னாலும் டெஸ்ட் செல்லாது."

"பேசமாட்டேன் சார்."

"அது தெரியும்மா. அதனாலதான் உன்ன அனுப்புறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்களால தனியா போய்வர முடியலைன்னா, காருக்கு ஒரு கைடு ஏத்தி அனுப்பிட வேண்டியதுதான். அப்புறம் ஆடியோவுக்கு இங்க வேலையில்ல."

ஆடியோவுக்கு வேலையில்லை என்றால் எனக்கும் இல்லை.

2. என் பிழை

முதல் மூன்று நிறுத்தங்களும் சொன்னது சொன்னபடி நடந்தன. விஜயா அம்மா என் குரலோடு சரளமாக உரையாடிக்கொண்டே வந்தார். "இடப்புறம் முக்குளிப்பான் பறவையைக் காணலாம்" என்று நான் சொன்னால், "கண்டேன், கண்டேன், மேல சொல்லு" என்பார். "செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுது பாருங்க. வூட்டுல சோறு போடுன்னு எப்படிக் கேக்கும் இந்தப் பொண்ணு?" என்று கணவரிடம் கேட்டார். "அன்னையே, அன்னம் படைப்பீராகன்னு கேக்கும்" என்றார் தலைமையாசிரியர். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'சிரித்த இடம்: இரண்டாம் நிறுத்தம்' என்று எழுதிக்கொண்டேன். அந்தக் குரலின் சொந்தக்காரி பின்னால் அமர்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. வணக்கம் என்றபோதும் நான் கைகுவித்ததோடு நிறுத்தியிருந்தேன்.

நான்காவதில்தான் ஏரி காணாமல் போனது.

நடந்தது இதுதான். மாசியில் நான் வந்தபோது அந்த வயலில் வெட்டு முடிந்து, கட்டைக் கரும்பு முழங்காலுக்குக் கீழே துளிர்த்திருந்தது. சாலையில் நின்றால் ஏரி முழுவதும் தெரிந்தது. தெரிந்ததை எழுதினேன். சாலையிலிருந்து ஏரிக்கு எத்தனை மீட்டர், மலை எந்தத் திசை, எத்தனை மொட்டை மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன என எல்லாம் சரிபார்த்து எழுதினேன். கரும்பு வளரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சங்கராபுரத்தில் பிறந்தவளுக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. ஆயினும் என் வாக்கியத்துக்குள் அது வளரவில்லை. மாசியில் எழுதியதை மார்கழியில் கேட்பார்கள் என்ற கணக்கை மட்டும் போடாமல் விட்டிருந்தேன்.

ஏரிக்கரைமேல் கார் ஏறாது. மற்ற வழிகள் எல்லாம் குறுகல். கார் நிற்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

நாற்பது நொடி முடிந்தது. "மனம் நிறைந்ததா? இனி ஐந்தாம் நிறுத்தத்திற்குச் செல்வோம்" என்றது என் குரல்.

"நிறைஞ்சிடுச்சி தாயே" என்றார் விஜயா அம்மா. "ஏங்க, ஏரியப் பாக்காம நான் நவுர மாட்டேன். அந்த மண் பாதைல வுடுங்க வண்டிய."

தலைமையாசிரியர் வண்டியைத் திருப்பினார். அது என் பாதையில் இல்லாத பாதை. நோட்டில் 'தயக்கம்' என்று எழுதி, அடித்து, 'வழி தவறல்' என்று எழுதினேன்.

3. டிரெய்லரின் மேல்

மண் பாதை இருநூறு அடி தாண்டவில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று குறுக்கே நின்றது. அந்தப் பகுதியில் வெட்டு தொடங்கியிருந்தது. தலையில் துண்டு கட்டி, முழுக்கைச் சட்டை போட்ட பெண்ணொருத்தி அரிவாளோடு வந்தார். வெட்டும் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது.

"இன்னா சார், டிராக்டர் திரும்புற எடத்துல வண்டிய வுட்டுட்டீங்க?"

"ஏம்மா, இங்க ஒரு ஏரி இருக்காமே?" என்று விஜயா அம்மா இறங்கிவிட்டார்.

"இருக்காமேவா? இதோ, கரும்புக்கு அந்தாண்டதான் இருக்குது. எங்க பூடும் அது?"

"இந்த போன்ல ஒரு பொண்ணு, ரோட்டுலருந்தே தெரியும்னு சொல்லுச்சு."

"எந்தப் பொண்ணு? இந்த மாசத்துலயா தெரியும்னு சொல்லுச்சு? வந்து பாத்துட்டுதான் சொல்லுச்சா, இல்ல வூட்டுல குந்திக்கினு சொல்லுச்சா?"

என் காதுமடல் சுட்டது. வந்து பார்த்தேன், அளந்துகூடப் பார்த்தேன் என்று சொல்ல நா எழுந்தது. அடக்கினேன்.

"வரப்புல போவலாமா?" என்றார் தலைமையாசிரியர்.

"நேத்து தண்ணி வுட்டாங்க சார். கால வெச்சா செருப்பு அங்கயே தங்கிடும்." அஞ்சலை டிரெய்லரைக் கைகாட்டினார். "மேல ஏறுங்க. ஓட்டுறவரு சாப்பிடப் போயிருக்காரு. வர அர மணி ஆவும்."

"கரும்பு மேலயா?"

"பின்ன? நாங்கல்லாம் அதும்மேலருந்துதான் பாக்குறோம்."

விஜயா அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து முதலில் ஏறினார். "நீ எறங்கு விஜயா, நான் ஹெட்மாஸ்டரு, என் பசங்க யாராவது பாத்தா" என்று சொல்லிக்கொண்டே தலைமையாசிரியரும் ஏறினார். அஞ்சலை என்னைப் பார்த்தார். "நீ இன்னாத்துக்குக் கீழ நிக்கிற? ஏறு." பின்னாலிருந்து ஒரு தள்ளு. கரும்புச் சோகை கையைக் கீற, நான் உச்சியில் இருந்தேன்.

நான் எழுதியிருந்த எல்லாமும் அங்கே இருந்தன. தண்ணீர் இருந்தது, மலை தண்ணீருக்குள் தலைகீழாகவும் இருந்தது. நான் எழுதாதவையும் இருந்தன. கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. நத்தைகுத்தி நாரைகளை எண்ணத் தொடங்கி நூறில் கைவிட்டேன். கால்களுக்குக் கீழே கரும்பு அசைந்தது. மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஆடினோம். அப்போது மொட்டை மரங்களுக்குக் கீழே, ஆழமற்ற தண்ணீரில், தட்டையான அலகை இடமும் வலமுமாக வீசியபடி ஒரு வெள்ளைக் கூட்டம் நடந்து வந்தது.

பத்து மாதமாக நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்த பறவை அது.

"கரண்டிவாயன்!" என்று கத்தினேன். "கரண்டிவாயன்! மரத்துக்குக் கீழே பாருங்கள்! அலகைப் பாருங்கள்! சேற்றைத் துழாவி உண்ணும்! ஒன்று, இரண்டு, ஒன்பது, இல்லை, பதினொன்று!"

விஜயா அம்மா பறவையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி," என்றார். "அன்னம் படைப்பீராக நீதானா?"

தலைமையாசிரியர் சிரித்த சிரிப்பில் டிரெய்லர் ஆடியது. கீழே அஞ்சலைக்குச் செய்தி போனது. "அந்தப் போன் பொண்ணா நீ? ஏம்மா, மாசியில வந்து பாத்துட்டுப் போயிருப்ப, அதானே?" என்றார். நான் தலையசைத்தேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கரும்பின்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

4. பதினாறு நொடி

நோட்டின் அன்றைய பக்கத்தில் கடைசியாக எழுதியது: 'நான் பேசினேன். டெஸ்ட் செல்லாது.'

தனசேகர் சார் அதை இரண்டுமுறை படித்தார். "ஒரே ஒரு ரூலு. அதையும் மீறிட்டியே நீ." பிறகு, "சனிக்கிழமை ஆத்தூர்லருந்து ரெண்டு அக்கா தங்கச்சி வராங்க. அதுல தேறலைன்னா ஞாயித்துக்கிழமை கைடுதான். நாலாவத எடுத்துடு."

நான் எடுக்கவில்லை. புதிதாக எழுதி, பேசி, அவருக்குப் போட்டுக் காட்டினேன். பதினாறு நொடி ஓடியது:

"நான்காம் நிறுத்தம். வலப்புறம் ஓர் ஏரி உண்டு. இன்று அது எங்கிருந்து தெரியும் என்பதை நான் அறியேன். வயலில் இருப்பவர்கள் அறிவார்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இறங்கிக் கேளுங்கள்."

"இறங்கிக் கேளுங்கன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா ஆடியோ?"

அந்த அலுவலகத்தில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதற்கான பதில்தான். கரும்பு வெட்டியிருந்தால் சாலையிலிருந்தே தெரியும், வெட்டாவிட்டால் தெரியாது, பாதி வெட்டியிருந்தால் எந்தப் பாதி என்பது வாரத்துக்கு வாரம் மாறும், தண்ணீர் விட்ட மறுநாள் வரப்பில் நடக்க முடியாது. இவை அனைத்தையும் நான் எழுதலாம், ஆனால் கேட்பவர் வரும் நாளன்று எது நடப்பு என்று எனக்குத் தெரியாது, அஞ்சலைக்குத் தெரியும். அவரிடமும் கேட்டுவிட்டேன், கேட்டால் சொல்வோம் என்றார். ஆபீஸுக்குப் போன் செய்து கேட்டால்தான் தோல்வி, வயலில் கேட்டால் தோல்வியல்ல. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

தனசேகர் சார் நாற்காலியில் சாய்ந்தார். "இவ்ளோ பேசுவியா நீ?" என்றார். பிறகு அந்தப் பதினாறு நொடியைச் சனிக்கிழமை ஓட்டத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

சனிக்கிழமை மீண்டும் பின் இருக்கையில் நோட்டோடு இருந்தேன். நான்காம் நிறுத்தத்தில் என் குரல் பதினாறு நொடியில் முடிந்தது. அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கேக்கச் சொல்லுது" என்றார் தங்கை.

"அப்ப கேளு. எனக்கென்ன வெக்கமா?" என்றபடி அக்கா கதவைத் திறந்தார்.

வெட்டு உள்பக்கம் நகர்ந்திருந்தது. அஞ்சலையே வந்தார், காய்ந்த வரப்பைக் காட்டி இருவரையும் முன்னால் அனுப்பினார். பிறகு காருக்குள் குனிந்து, "இன்னாம்மா, வாயப் பூட்டிக்கினு குந்திக்கினு இருக்க? அன்னிக்கு அந்தக் கத்து கத்துன? வா" என்றார். நான் நோட்டைக் காட்டி, உதட்டில் விரல் வைத்தேன். "பரீட்சையா? எழுது, எழுது" என்று போய்விட்டார்.

கார்க் கண்ணாடியை இறக்கினேன். பத்தடிக் கரும்பு. ஒன்றும் தெரியவில்லை. காலடிச் சத்தம் தேய்ந்து போனது. கரும்பு சலசலத்தது. ஐந்து நிமிடம் கழித்து, கரும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"அக்கா! ஐயோ அக்கா, இங்க பாரேன்!"

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஓர் இடத்தைப் பற்றி எழுதும்போது, நீங்கள் அங்கே நின்ற நாளை மட்டும் எழுதாதீர்கள். கேட்பவர் வேறொரு நாளில் நிற்பார். அந்த நாளை அறிந்தவர் அந்த வயலில் இருப்பார். வழி சொல்வதை அவரிடம் விட்டுவிட்டு, உங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அக்காவும் தங்கையும் என்ன பறவையைக் கண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கே சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, நோட்டில் எழுதினேன்: 'நான்காம் நிறுத்தம். தயக்கம் இல்லை. நான் பேசவில்லை.'

மறுநாள் காலை பதினொரு கார்களும் கைடு இல்லாமல் புறப்பட்டன.