போர்டு வெயிலில், வண்டி நிழலில்

இன்று காலை கொண்டப்பநாயக்கன்பட்டியில் தங்கைக்கு வளைகாப்பு. வளையல் பெட்டி என் கையில், காலடியில் ஒரு வெல்ல மூட்டை.

செவ்வாய்ப்பேட்டையில் நகரசபை புதிதாக நட்ட "ஜட்கா நிற்குமிடம்" போர்டுக்கு அடியில் அரை மணி நேரம் காய்ந்தேன். ஒரு வண்டியும் வரவில்லை. எல்லாம் எதிரே புளியமரத்தடியில் நின்றன.

நேரே போய்ச் சண்டை பிடித்தேன். முதல் வண்டியின் ஜட்காக்காரர் அசையவில்லை.

"போர்டைக் குதிரை படிக்குமுங்களா? அதுக்கு நெழல்தானுங்க தெரியும்."

"செரி, கெளம்புங்க!"

"மூட்டை பின்னால, நீங்க ஒல்லி. மேட்டுல வண்டி மல்லாந்துருமுங்க. முன்பாரத்துக்கு ஒரு கனத்த ஆள் வரட்டுமுங்க."

அப்போது மரத்தடிக்கு வந்து சேர்ந்தார் எங்கள் வார்டு கவுன்சிலர். நல்ல கனம். அவரும் அதே ஊருக்குத்தான் போகிறாராம்.

"போர்டு வெக்கச் சொன்னதே நீங்கதானுங்களே? அங்க நிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க ஒரே வெயிலு, தம்பி."

அவரை முன்னால் உட்கார வைத்ததும் வண்டி சமமானது. வளையலும் நேரத்துக்குப் போய்விட்டது.

நகரசபையில் அவர் எப்படியோ, வண்டியில் அருமையான முன்பாரம். ஆனாலும் அடுத்த தேர்தலில் என் ஓட்டு அவருக்கா, புளியமரத்துக்கா? நீங்களே சொல்லுங்கள்.